தூரம் ஒன்று, நேரம் இரண்டு: எங்கள் சுற்றுவழி அக்காவுக்கு

வானுக்கு வழி வகுத்தவரே! வளியின் வழக்கறிந்தவரே! கடலையும் கண்டத்தையும் ஒரு முழ நூலால் கட்டி அளந்த கைகளுக்கு உரியவரே! ஏன் என்று கேட்பதையே ஏணியாக்கி ஏறி வந்தவரே! மண்ணில் அமர்ந்தபடியே மாபெரும் விமானங்களை விண்ணில் நடத்தி, வீடு திரும்பும் ஒவ்வொருவரின் வாசலுக்கும் விளக்காய் நின்றவரே! தலைமை வழித்திட்ட அலுவலராய்த் தன்னிகரற்றுப் பணியாற்றி, இன்று பணிநிறைவு காணும் எங்கள் பாசத்துக்குரிய அக்காவே! உங்கள் அறையின் அத்தனை நாற்காலிகளின் சார்பிலும் வணக்கம்.

பண்பின் சிகரமே, பணிவின் உறைவிடமே என்று அடுக்கிக்கொண்டே போக எங்களுக்கும் தெரியும். முதலில் அப்படித்தான் எழுதினோம். பிறகு அதை நீங்கள் படித்தால் என்ன சொல்வீர்கள் என்று எண்ணிப் பார்த்தோம். "இது யாருக்கு வேணா பொருந்துமே! எனக்குன்னு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டிருப்பீர்கள். ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உங்கள் கதையையே எழுதி வந்திருக்கிறோம். அதையும் உங்கள் முகம் பார்த்துச் சொன்னால் நடுவில் மறித்துத் திருத்தம் சொல்வீர்கள். எனவே அவையோரை நோக்கிச் சொல்கிறோம். நீங்கள் இன்று ஒரு நாளாவது பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள், அக்கா.

அவையோரே! இவர் நம் அறைக்கு வந்தது வேலைக்காக அன்று; ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தார்.

அப்போது இவர் கீழ்த்தளத்தில், விசாரணைச் சாளரத்துக்குப் பின்னால் இருந்த இளம் எழுத்தர். எந்த விமானம் எப்போது வரும், எந்த வாயிலுக்குப் போக வேண்டும், கழிவறை எந்தப் பக்கம் என்று வாய் ஓயாமல் பதில் சொல்லும் வேலை. ஒருநாள் ஒரு தையற்காரர் வந்தார். தொலைநகரத்தில் வேலை பார்க்கும் தம்பியைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறப் போகிறவர். நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அளவு தவறிய சட்டையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, போறதுக்கு ஒரு நேரம் போட்டிருக்கு. வர்றதுக்கு அதவிட ஒரு மணி நேரத்துக்கு மேல கூடப் போட்டிருக்கு. அச்சுப் பிழையா?"

"இல்ல சார், அப்படித்தான் ஆகும்."

"எப்படி ஆகும்? துணிய இந்த முனைலேர்ந்து அளந்தாலும் அந்த முனைலேர்ந்து அளந்தாலும் ஒரே அளவுதானே? வீட்டுக்குத் திரும்பி வர்ற தூரம் மட்டும் எப்படி நீளும்?"

இவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று சாளரத்தை மூடிவிட்டு மாடியேறினார். வழித்திட்ட அறையின் கதவைத் தட்டினார். அங்கே பணியிலிருந்த திட்ட அலுவலர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர், மேல்காற்று வரைபடம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். அதில் காற்று ஓர் ஆறுபோல் வளைந்து நெளிந்து, மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. தரையில் நிற்பவருக்கு இலைகூட அசையாத நாளிலும், மலைக்கு மேலே, மேகத்துக்கும் மேலே, அப்படி ஓர் ஆறு பாய்ந்துகொண்டிருக்கிறது என்பதை இவர் அன்றுதான் அறிந்தார். அது ஏன் கிழக்கே ஓடுகிறது, குளிர்காலத்தில் ஏன் வேகம் கூடுகிறது, அதற்குக் கரை உண்டா, இடம் மாறுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். அந்த அலுவலரின் சோறு ஆறிப் போயிற்று. கீழே சாளரத்தின் முன்னால் வரிசை வாசல்வரை நீண்டது. மேற்பார்வையாளர் வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். அதற்குள் தையற்காரர் விமானம் ஏறிவிட்டிருந்தார்.

வேறு யாராயிருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் அந்தத் தையற்காரர் திரும்பி வரும் நாளைக் கேட்டறிந்து, தன் விடுப்பு நாளில், வருகை வாயிலில் போய் நின்றார்.

"காத்துதான் சார்! போகும்போது முதுகுல தள்ளுது. வரும்போது அது எதிர்ல வருதுன்னு வேற வழியா, துருவத்துப் பக்கமா ஏறி வர்றாங்க. அங்க தள்ளிவிட ஆளில்ல."

தையற்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற தூரம் மாறல?"

"மாறல."

"அப்படீன்னா துணி மேல குத்தமில்ல" என்றார் அவர். நிம்மதியாகப் போய்விட்டார்.

நிம்மதி போனது இவருக்குத்தான். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மாடிக்கு வந்தார். பிறகு தேர்வெழுதினார், தவறினார், மறுபடியும் எழுதினார், தேறினார். கேள்வி கேட்க ஏறியவர் பிறகு படியிறங்கவே இல்லை.

இவருடைய மேசையையும் அவையோர் அறிய வேண்டும். மூன்று கணினித் திரைகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூட உலக உருண்டை. அதன்மேல் சுற்றிய ஒரு நூல். எப்போதும் ஆறிப்போன ஒரு குவளைத் தேநீர். கணினி கண்ணிமைக்கும் முன் வழி போட்டுக் கொடுக்கும் காலத்திலும் இவர் நூலை விடவில்லை. "கம்ப்யூட்டர் வழி சொல்லும். நூலுதான் ஏன்னு சொல்லும்" என்பார். ஒருமுறை ஒரு வங்கி மேலாளர் கடுங்கோபத்துடன் புகார் எழுதியிருந்தார். இருக்கைத் திரையில் பார்த்தாராம். விமானம் நேராகப் போகாமல் வானவில்போல் வளைந்து போயிற்றாம். எரிபொருளையும் தன் பொழுதையும் வீணடித்துவிட்டோமாம். இவர் பதில் எழுதினார்: "ஐயா, வீட்டில் ஓர் ஆரஞ்சுப் பழம் இருந்தால் எடுங்கள். மேல்பாதியில் எதிரெதிராக இரண்டு புள்ளிகள் வையுங்கள். அவற்றுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்." ஒரே வாரத்தில் மறுமொழி வந்தது. "செய்து பார்த்தேன். நூல் காம்பின் பக்கமாகத்தான் போகிறது. பழம் இனிப்பாக இருந்தது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

இவருடைய கணவர், முன் வரிசையில் அடக்கமாக அமர்ந்திருக்கும் உடற்பயிற்சி ஆசிரியர், எங்களிடம் ஒருமுறை சொன்னார்: "கடைக்குப் போய்ட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாக்கூட, ஜன்னலத் திறந்து காத்து பாத்துட்டுதான் சொல்லுவா. நான் என்ன செய்யறது!"

இனி, இவருக்குச் ‘சுற்றுவழி அக்கா’ என்ற பெயர் வந்த கதை.

நம் அறையில் வானிலைக்காரர் ஒருவர் உண்டு. மேல்காற்றைக் கணித்துத் தருவது அவர் வேலை. அவருடைய மனைவி நீச்சல் பயிற்சியாளர். நகராட்சிக் குளத்தில் பாதி ஊருக்கு நீந்தக் கற்றுக் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு ஓர் ஆண்டு படிக்கட்டு ஏறவே மூச்சு வாங்கியது. இரத்தத்தில் நோய் என்றார்கள். வேறொருவரின் எலும்பு மஜ்ஜை அணுக்களை ஏற்றினால்தான் பிழைப்பார் என்றார்கள். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் கையை நீட்டினார்கள், ஒருவருடையதும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது யாருடையது தெரியுமா? தையற்காரர் போய் வந்த அதே தொலைநகரத்தில், முகமும் தெரியாத, மொழியும் தெரியாத ஒரு பெண்ணுடையது. உலகம் இவ்வளவு பெரிதாய் இருந்தும், இரத்தம் இப்படி உறவு தேடிக்கொள்கிறதே என்று நாங்கள் அன்று வியந்து வியந்து பேசினோம்.

அந்த அணுக்களை ஒரு குளிர்பெட்டியில் வைத்து, ஓர் ஆள் கையோடு எடுத்து வர வேண்டும். பெட்டிக்குள் அவற்றுக்கு ஆயுள் மூன்றே நாள். இங்கே மருத்துவமனையில் அதற்குள் மருந்து கொடுத்து அம்மையாரின் சொந்த மஜ்ஜையை முழுவதும் அழித்துவிட்டிருந்தார்கள். அதன்பின் திரும்பும் பாதை இல்லை. பெட்டி வந்தால் உயிர், வராவிட்டால் இல்லை.

அங்கே பனிப்புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மூன்று நாளில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்தது. பனி ஓய்ந்து, ஓடுபாதை திறந்து, அப்பாடா என்று மூச்சு விட்ட வேளையில், வானிலைக்காரர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அக்கா, துருவ வழிய மூடிட்டாங்க. சூரியன்ல புயலாம். அந்தப் பக்கம் போனா ரேடியோ எதுவும் எட்டாதாம்."

பூமியில் பனிப்புயல் ஓய்ந்தால் சூரியனில் புயல் எழுகிறது. பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? துருவம் இல்லையென்றால் பாதிவழியில் ஓர் ஊரில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் அதற்குள் விமானிகளின் பணிநேரம் முடிந்துவிடும். மாற்றுக் குழு அங்கே இல்லை. மறுநாள்தான் கிளம்ப முடியும். வேறு நிறுவனங்களில் மாறி மாறி வரலாமென்றால், பனியில் சிக்கிய பயணிகள் எல்லா இருக்கைகளையும் நிரப்பியிருந்தார்கள். ஓர் இணைப்பு தவறினாலும் பெட்டி அநாதையாக நின்றுவிடும்.

இவர் உருண்டையைப் பக்கத்தில் இழுத்தார். தொலைநகரத்தில் நூலின் ஒரு முனையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். துருவத்தின் பக்கம் போன நூலை மெல்ல நகர்த்தி, உருண்டையின் மறுபக்கமாக, கிழக்கே, கடல் தாண்டி, கண்டம் தாண்டி, நம் ஊர்வரை கொண்டுவந்தார். நூல் நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அது போன வழியெல்லாம் காற்றாறு பாயும் வழி.

"இந்தப் பக்கம் காத்து எப்படி இருக்கு? போட்டுக் குடுங்க, தம்பி."

வானிலைக்காரர் போட்டுக் கொடுத்தார். அருமையான காற்று. எரிபொருள் நூலிழையில் போதும்போல் இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. இவர் முகம் மட்டும் மலரவில்லை. வரைபடத்தைப் பார்த்தார், வானிலைக்காரரைப் பார்த்தார், மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். கோவப்படாதீங்க. இது காத்தா, உங்க ஆசையா?"

அந்த மனிதர் நாட்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் அதுதான். இவருக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அந்த விமானத்தில் ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. நிறைய மனிதர்கள் வருகிறார்கள்.

வானிலைக்காரர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "எனக்கே தெரியலக்கா" என்றார். "ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். ரெண்டாவது தடவ காத்து கொஞ்சம் கூடுதலா வந்துச்சு. கூட வந்தத எடுத்துக்கிட்டேன்."

"சரி. நாற்காலிய விட்டு எந்திரிச்சிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"போகலக்கா. அங்க கண்ணாடிக்கு வெளிலதான் நிக்கணும். இங்கயே நிக்கறேன். எதையும் தொடமாட்டேன்."

"நில்லுங்க" என்றார் இவர்.

பிறகு இவர் செய்ததைத்தான் இன்றுவரை புதியவர்களுக்கு நாங்கள் பாடமாகச் சொல்கிறோம். கணிப்பை நம்பவில்லை, காற்றை நேரில் கண்டவர்களைத் தேடினார். அந்த வழியில், அந்த உயரத்தில், அந்த நேரத்தில் பறந்துகொண்டிருந்த பிற நிறுவன விமானங்கள் எவை எவை என்று பார்த்து, அவற்றின் திட்ட அறைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார். "உங்க விமானி அங்க என்ன காத்து பாக்கறாரு? கணக்கு வேணாம், கண்டது வேணும்" என்று கேட்டார். போட்டியாளர்கள்தாம். ஆனாலும் காரணத்தைக் கேட்டதும் ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. விடைகள் வந்தன. கடலின் முதற்பாதியில் காற்று வானிலைக்காரர் சொன்னதைவிடக் குறைவு. பிற்பாதியில் கூடுதல். மொத்தத்தில் எரிபொருள் போதாது, கொஞ்சம் குறைகிறது.

எடையைக் குறைத்தால்தான் உண்டு. தொலைநகரச் சரக்கு மேலாளரை அழைத்தார்.

"சார், விமானத்தோட அடி வயித்துல இருக்கற சரக்க எறக்கணும். பயணிங்க பெட்டிய மட்டும் விடுங்க."

"என்ன மேடம் சொல்றீங்க! எல்லாம் இயந்திர உதிரிப்பாகம். உங்க ஊர்லதான் ஒரு ஃபாக்டரியே இதுக்காக நிக்குது. நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். என் பேர எழுதிக்குங்க. எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா?"

சரக்கு இறங்கியது. அடுத்து விமானி. நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: வழித்திட்டத்தில் கையெழுத்து இரண்டு. ஒன்று பறக்கிறவருடையது, மற்றொன்று தரையில் இருந்து திட்டம் போட்டவருடையது. இருவரில் ஒருவர் மறுத்தாலும் விமானம் கிளம்பாது. அந்த விமானி பேச்சில் கறார். கருங்கல்லில் கத்தி தீட்டுவதுபோல் குரல்.

"வழக்கத்தவிட நீளமான வழில, வழக்கத்தவிட நிறையப் பறந்து, நடுவுல நிக்காம வரச் சொல்றீங்க. சரியா?"

"சரிதான் கேப்டன்."

"காத்து கை குடுக்கலன்னா?"

"இறங்கிடுங்க. கடல் முடியற எடத்துல ஒரு புள்ளி குறிச்சிருக்கேன். அங்க வரும்போது டாங்க்ல நான் எழுதின அளவு இல்லன்னா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. பெட்டி இருக்குன்னு நினைக்காதீங்க. பக்கத்து ஊர்ல இறங்கிடுங்க."

"பெட்டி யாருக்குன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும். அவரு எனக்குப் பின்னாலதான் நிக்கறாரு."

விமானி, "எல்லாரும் இறங்காதே இறங்காதேன்னுதான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்" என்றார். "கையெழுத்துப் போடறேன்."

விமானம் எழுந்தது. குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் என்று பின்னால் அறிந்தோம். வாழ்நாளில் எத்தனையோ உறைகளைக் கொண்டு சேர்த்தவர், இதற்கு மட்டும் கண்ணைக்கூட மூடவில்லையாம்.

கடலின் முதற்பாதியில் காற்று, சொன்னதற்கும் கீழே இருந்தது. திரையில் எரிபொருள் கோடு, இவர் எழுதிய கோட்டுக்கு அடியில் போய்விட்டது. வானிலைக்காரர் சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றார். இவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தன் கையும் ஆசைப்படும் என்று அஞ்சினார். அருகில், சற்று உயரத்தில், வேறொரு விமானம் நல்ல காற்று கண்டதாகத் தகவல் வந்தது. நம் விமானம் பாதி எரிபொருளைத் தின்று இலேசாகியிருந்தது. இனி அதனால் மேலே ஏற முடியும். ஏறச் சொல்லிச் செய்தி அனுப்பினார். ஏறினார்கள். காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை எந்தக் கடிகாரத்தால் அளப்பது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. "காத்து வந்துருச்சு. நல்லாத் தள்ளுது."

குறித்த புள்ளியில் எரிபொருள், எழுதிய அளவுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அப்போதும் இவர் சிரிக்கவில்லை. தரை தொடும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. சக்கரம் ஓடுபாதையைத் தொட்டது என்று தெரிந்த பிறகுதான் எழுந்து போனார். முகம் கழுவும் இடத்தில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் கதவைத் தட்டவில்லை.

கணக்குப் பார்த்தபோது எங்களுக்கே வியப்பு. பறந்த தூரம் வழக்கத்தைவிட அதிகம். பறந்த நேரமோ வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவு. விமானி நம் அறைக்குள் நுழைந்ததும், "எங்கய்யா அந்தச் சுத்துவழி அக்கா?" என்று கேட்டார். அன்று முதல் அதுவே பெயர். அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. சரக்கை இறக்கியதற்கு விளக்கம் கேட்டு ஒன்று. சாமர்த்தியத்தைப் பாராட்டி ஒன்று. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

பெட்டி உரிய வேளையில் போய்ச் சேர்ந்தது. ஆனால் உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அம்மையாருக்குக் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. வானிலைக்காரர் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்த பிறகும் இவரிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. அந்தக் கேள்வி முள்ளாய்த் தைத்திருந்தது. இவரும் மன்னிப்புக் கேட்கவில்லை; கேட்டது தவறு என்று இவருக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் மேசையைக் கடக்கும்போது நடை தளர்ந்ததை நாங்கள் பார்த்தோம்.

பல மாதம் கழித்து ஒரு பிற்பகலில் அறைக்கதவு திறந்தது. தலையில் அப்போதுதான் முளைத்த முடியோடு, மெலிந்து, ஆனால் மூச்சு வாங்காமல் மாடியேறி, அந்த நீச்சல் பயிற்சியாளரே வந்து நின்றார். நேரே இவர் மேசைக்கு வந்தார்.

"நீங்கதானே சுத்துவழி அக்கா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் காத்து இல்லன்னு தெரிஞ்சிருந்தா, விமானத்த அனுப்பியிருப்பீங்களா?"

வானிலைக்காரர் பாதி எழுந்து அப்படியே நின்றார். இவருக்குச் சொல்ல எத்தனையோ மழுப்பல்கள் இருந்தன. அன்பாகவே சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"மாட்டேன்" என்றார் இவர். பிறகு மெதுவாக, "அனுப்பியிருக்க மாட்டேன். அதுக்கப்புறம் இந்த நாற்காலியில உக்காந்திருக்கவும் மாட்டேன்."

அம்மையார் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது, உதடு சிரித்தது. "இவரு வீட்ல சொல்லிச் சொல்லிப் புலம்பினாரு. அக்கா என்னப் பாத்து இப்படிக் கேட்டுட்டாங்களேன்னு. நான் சொன்னேன், தண்ணி ஆழம் தெரியாம புள்ளைங்கள நான் குதிக்க விடுவேனா, அதே மாதிரிதானேன்னு. என் ஒருத்திக்காக அத்தன பேர ஆழம் பாக்காமத் தள்ளியிருந்தீங்கன்னா, நான் பொழச்சு எழுந்து யாரு முகத்துல முழிப்பேன்? பொய் சொல்லிச் சமாளிக்கறீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, இப்பச் சொல்லுங்க. என் பெட்டி எந்த வழியா வந்துச்சு?"

இவர் உருண்டையை அவர் பக்கம் திருப்பினார். இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, இங்கே காற்று ஏமாற்றியது, இங்கே ஏறினார்கள், இங்கே தள்ளியது என்று விரலால் கடல் தாண்டினார்கள். வானிலைக்காரர் ஓசைப்படாமல் வந்து, ஆறிப்போன குவளையை எடுத்துப் போய், சூடாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவருக்கும் இவருக்கும் இடையே இருந்த வழக்கு அத்தோடு தீர்ந்தது.

கதை முடிந்தது, அவையோரே. இனி மீண்டும் உங்களிடமே வருகிறோம், அக்கா.

ஆண்டுகள் பல நீங்கள் அனுப்பிய வழியில் ஆயிரமாயிரம் பேர் அந்தத் தொலைநகரத்துக்குப் போய் வந்தார்கள். நீங்கள் மட்டும் போனதில்லை. இன்று விட்டால் நாளை, நாளை விட்டால் அடுத்த குளிர்காலம் என்று அறையே உங்களைப் பிடித்து வைத்திருந்தது. அங்கே ஒரு பெண் இருக்கிறார், பேருந்து ஓட்டுகிறவர். முகம் தெரியாத ஒருவருக்குத் தன் மஜ்ஜையைத் தந்துவிட்டு, மறுவாரம் வண்டியெடுத்தவர். அடுத்த வாரம் நீங்களும் நீச்சல் பயிற்சியாளரும் அவரைப் பார்க்கப் போகிறீர்கள். வருகை வாயிலில் தன் பேருந்தோடு நிற்பதாக அவர் சொல்லியிருக்கிறாராம். போனதும் முதலில் என்ன கேட்பீர்கள் என்று நேற்று உங்களைக் கேட்டோம். "ஏன் குடுத்தீங்கன்னு கேப்பேன்" என்றீர்கள். பிறகு, "இல்ல, அத கொஞ்சம் பழகினதுக்கப்புறம் கேக்கறேன். மொதல்ல அந்தப் பஸ்ல எங்கள ஏத்திக்கிட்டு ஊரச் சுத்திக் காட்டுவீங்களான்னு கேப்பேன்" என்றீர்கள்.

அறிவால் உயர்ந்தும் ஆர்வத்தால் இளையவராகவே நின்றவரே! அன்புக்கும் உண்மைக்கும் இடையே ஆடாத துலாக்கோலாய் அமர்ந்தவரே! கால்கள் களைப்பறியாதிருக்க, கண்கள் ஒளி குன்றாதிருக்க, உடற்பயிற்சி ஆசிரியரின் அதட்டலும் அன்பும் என்றும் உடனிருக்க, போகும் ஊரெல்லாம் புதுக் கேள்வி ஒன்று உங்களுக்காகப் புன்னகையோடு காத்திருக்க, நெடுநாள் நலமோடு வாழ்க!

இங்ஙனம்,
என்றும் உங்கள் அன்பில் நனைந்திருக்கும்
வழித்திட்ட அறைப் பணியாளர்கள்.

பின்குறிப்பு: எங்களில் மூவர் இந்த விழாவுக்கு வரவில்லை. மாடியில் பணியில் இருக்கிறார்கள். இந்த மடலைத் தொலைபேசி வழியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் வாசித்து முடித்ததும் கைதட்ட அவர்களால் இயலாது, அக்கா. வானத்தில் விமானங்கள் இருக்கின்றன.